பருத்திப் பெனியன் வேண்டாம்

பாரிஸில் லா சப்பல் பகுதிக் கடைக்கு வேலைக்குக் கிளம்புமுன், பழைய பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் ஞானமலர் கணவர் றெமிஜியஸுக்கு எழுதினாள்:

"இஞ்சாருங்கோ, புட்டு மூடி வைச்சிருக்கிறன். மீன்பிடிக்கப் போகேக்கை பருத்திப் பெனியன் வேண்டாம். வேர்வையிலை நனைஞ்சு குளிரும். முதல் மெல்லிய தெர்மல் உள்ளுடுப்பு, மேலை கம்பளிச் சட்டை, கடைசியாக் காத்துப் புகாத ஜாக்கெட். மெட்ரோவுக்குள்ளை ஜாக்கெட்டைக் கழட்டுங்கோ."

மன்னாரில் நடந்த தன் தம்பியின் செத்தவீட்டை, போக வழியில்லாமல் கைப்பேசியில் பார்த்த நாளிலிருந்து அவர் தினமும் கால்வாயோரம் போகிறார். ஒரு மீன்கூட வீட்டுக்கு வரவில்லை என்று நேற்று அவள் கத்திவிட்டாள். பிறகு ஜாக்கெட்டைக் காயப்போட எடுத்தபோது, பையில் தூண்டில் புழு டப்பா இருந்தது. மூடியில் கடைக்காரர் ஒட்டிய ஸ்டிக்கர் கிழியவேயில்லை.

சீட்டின் ஓரத்தில் நெருக்கி எழுதினாள்:

"நாற்காலியிலை ரெண்டு கட்டு உடுப்புக் கிடக்கு. ஒண்டு உங்களுக்கு, மற்றது எனக்கு. ரெண்டு மணிக்கு வந்திடுவன், நில்லுங்கோ. அங்கை வந்து நான் ஒண்டும் கேக்கமாட்டன்."