இரண்டாவது சாவி

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. போனில் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. அது உன் உரிமை. உன் விலாசத்தை அண்ணியிடம் கேட்டபோது, சண்டை போட எழுதுவதாக இருந்தால் தரமாட்டேன் என்றாள். மன்னிப்புக் கேட்க என்று சொன்ன பிறகுதான் தந்தாள்.

அப்பா எழுந்து நடக்கிறார். வாசல் வரை தடி ஊன்றி வருவார், திரும்பும்போது மட்டும் ஒரு ஆள் வேண்டும். இடுப்பு வலி பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டார், காபியில் சர்க்கரை குறைந்தால் மட்டும் வீடே இரண்டாகும். என் பெரிய மகள் உன் உயரத்துக்கு வந்துவிட்டாள்.

வேன் விஷயத்துக்கு வருகிறேன். அந்த விபத்துக்குப் பிறகு ஒன்றரை வருடம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்ததை இந்த வருடம்தான் எடுத்தோம். ஆஸ்பத்திரித் துணி சலவைக்குக் கொண்டுபோகும் வேலையை இப்போது உன் அண்ணி பார்க்கிறாள். போன மாதம் ஒரு நாள், நல்ல மதிய வெயிலில், ஆஸ்பத்திரி இறக்கத்தில் இன்ஜின் நின்றுவிட்டது. ஸ்டீரிங் இறுகிவிட்டது, பிரேக் கல் மாதிரி. ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்து எப்படியோ நிறுத்தியிருக்கிறாள். நம் பட்டறைக்கு வந்தவள் சாவியை என் மேஜையில் வைத்துவிட்டு, "தம்பி அன்னிக்கு என்ன சொன்னாரோ அப்படியே ஆச்சு. நானும் தூங்கிட்டேன்னு சொல்லப் போறீங்களா?" என்று கேட்டாள். நான்கு வேலையாட்கள் நின்றிருந்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அதே வேலையாட்கள் முன்னால்தானே உன்னையும் நிற்க வைத்தேன். இன்ஜின் தானாக நின்றது என்று நீ சொல்லச் சொல்ல, "நான் ரிப்பேர் பாத்த வண்டி வழியில நிக்காது. தூங்கிட்டு ஓட்டிட்டு கதை விடாதே" என்று கத்தினேன். சுவரில் மோதும்வரை, பக்கத்து சீட்டில் இருந்த தன்னோடு நீ பேசிக்கொண்டுதான் வந்தாய் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து அப்பா சொன்னார். பெற்ற பாசம் கண்ணை மறைக்கிறது என்று அதையும் தள்ளிவிட்டேன்.

அண்ணி சொன்ன பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை, பார். பம்பை மாற்றினேன், ஃபில்டரை மாற்றினேன். காலையில் ஓட்டிப் பார்த்தால் குதிரை மாதிரி ஓடுகிறது. கடைசியில் வயரிங்காரரைக் கூப்பிட்டேன். அவர் இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டர் பெட்டியை வெளியே இழுத்து, இன்ஜின் ஓடும்போதே அதன்மேல் தலைமுடி உலர்த்தும் மெஷினால் சூட்டுக் காற்று அடித்தார். ஐந்து நிமிடம்கூட இல்லை, இன்ஜின் பொட்டென்று நின்றது. ஆறவிட்டதும் ஓடியது. மூன்று தடவை செய்து காட்டினார். நான் சோதித்ததெல்லாம் ஆறின வண்டியை.

பெட்டியைத் திறந்தால் ஒரு மூலை முழுக்கப் பச்சை பூத்திருந்தது, செம்பில் தண்ணீர் பட்டால் பூக்கிற பச்சை. பெட்டி இருந்த இடத்தில் கைவிட்டுப் பார்த்தேன். ஒரு துணி வந்தது. ஆஸ்பத்திரித் துணி, நாலாக மடித்தது.

உனக்கு ஞாபகம் இருக்கும். முன் கண்ணாடியை மாற்றியபோது பசை காயட்டும் அண்ணா, மழையாக இருக்கிறது என்றாய். நான் கேட்கவில்லை. பிறகு காலில் தண்ணீர் சொட்டுகிறது என்று வந்து சொன்னாய். கண்ணாடியைக் கழற்றச் சோம்பல்பட்டு, ஒரு துணியை மடித்து உள்ளே செருகி, வேலை முடிந்தது என்றேன். சொட்டு நின்றது. ஏன் நிற்காது? தண்ணீரையெல்லாம் அந்தத் துணி குடித்துக் கம்ப்யூட்டரோடு ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது. அப்பாவின் இடுப்பை உடைத்தது நீ இல்லை. நான்தான்.

அப்பாவிடம் போய்ச் சொன்னேன். "எனக்கு அன்னிக்கே தெரியும். எங்கிட்ட எதுக்குச் சொல்றே? அவங்கிட்ட சொல்லு" என்றார். அதனால்தான் எழுதுகிறேன். தப்பு என்னுடையது தம்பி, முழுக்க என்னுடையது. என்னை மன்னித்துவிடு.

இவ்வளவு பழைய வண்டிக்குக் கம்பெனியில் இப்போது இந்தப் பெட்டி வருவதில்லை. மூன்று வாரம் அலைந்து, உடைக்கப் போட்ட ஒரு வண்டியிலிருந்து அதே எண் உள்ளதை எடுத்து வந்தேன். கண்ணாடியை ஆள் வைத்து ஒட்டினேன். நான் கை வைக்கவில்லை. பசை இரண்டு நாள் காய்ந்தது.

ஒரு வேலை மட்டும் பாக்கி. புதுப் பெட்டிக்குச் சாவிகளை அடையாளம் காட்ட வேண்டும். இருக்கிற சாவியையெல்லாம் ஒரே நேரத்தில் காட்ட வேண்டுமாம். அப்போது இல்லாத சாவியை அது தள்ளிவிடும். திருப்பினால் திரும்பும், இன்ஜின் பிடிக்காது. இந்த வண்டிக்கு இரண்டு சாவி. ஒன்று நீ வீட்டை விட்டுப் போன அன்றைக்கு உன் சட்டைப்பையிலேயே போய்விட்டது.

"கையில இருக்கறதை மட்டும் போட்டு முடிச்சிடலாமே" என்றார் வயரிங்காரர். வேண்டாம் என்றேன். உன் சாவியை வேண்டாம் என்று சொல்லும் வேலையை என் கையால் இன்னொரு தடவை செய்யமாட்டேன். அண்ணி வாடகை வண்டியில் துணி ஏற்றுகிறாள். ஒரு நாள்கூட முணுமுணுக்கவில்லை.

சாவியைத் தபாலில் போட்டுவிடாதே. எடுத்துக்கொண்டு நீயே வா. நீ ஓட்டு. அப்பா உட்கார்ந்த இடத்தில் நான் உட்காருகிறேன். அந்த இறக்கத்தில் போய் வருவோம்.

வேளைக்குச் சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள். எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

கோபத்தில் சாவியை எங்கேயாவது வீசியிருப்பாய். வீசியிருந்தால் அதற்காக வராமல் இருந்துவிடாதே. வெறுங்கையோடு வா, போதும்.

உன்னை நம்பாமல் போன
அண்ணன்