பத்தாவது ஆள்

அன்பும் மரியாதையும் நிறைந்த அம்மாவுக்கு, எஃப்ராயின் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? பியூனோஸ் அய்ரெஸில் இன்னும் வெயில் இருக்கும். இங்கே தெற்கில் காற்று ஆளையே தள்ளுகிறது. மற்றபடி எனக்கொரு குறையும் இல்லை.

எங்கள் ஜெப ஆலயத்துச் சனிக்கிழமை விவாதத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எதிராளியின் வாதத்தை, அவர் சரியென்று தலையாட்டும்வரை முதலில் நாம் சொல்ல வேண்டும். பிறகுதான் மறுக்கலாம். போன மாதம் நாவூம் அதை மீறிவிட்டார். கூட்டுத் தொழுகைக்கு வேண்டிய பத்துப் பேரில் பெண்களையும் எண்ணலாம் என்றார் முதியவர் லெய்செர். "நீயெல்லாம் ஒரு யூதனா? வெளிய போய்யா!" என்று கத்தினார் நாவூம். லெய்செர் அதோடு வருவதை நிறுத்திவிட்டார்.

சென்ற வாரம் நாவூமின் தாயார் இறந்துபோனார். அவருக்கான பிரார்த்தனைக்கு ஆண்கள் ஒன்பது பேர்தான் தேறினோம். நாவூமின் தங்கை ஃபானி அழுதபடி ஓரமாக நின்றாள். நான்தான் ஓடிப்போய் லெய்செரை அழைத்துவந்தேன்.

"என் கணக்குல ஃபானியோட பத்து ஆச்சு. உன் கணக்குல ஆகல. உன் கணக்குக்காகத்தான் வந்தேன், நாவூம்," என்றார் அவர்.

நாவூம் தங்கையைப் பார்த்தார். "பொண்ணுங்களையும் எண்ணணும்னு நீ ஏன் சொன்னேன்னா, லெய்செர்... அவங்களுக்கும்தான் அம்மா சாகறா."

லெய்செர் தலையாட்டினார். "இப்ப மறுத்துக்கோ."

நாவூம் மறுக்கவில்லை. ஃபானியை எண்ணவும் இல்லை. பிரார்த்தனையைத் தொடங்கிவிட்டார்.

அம்மா, கம்பளிக் காலுறையும் உங்கள் பிளம் ஜாமும் அனுப்புங்கள். இந்தப் பிரார்த்தனை தினமும், பத்துப் பேரோடு, பதினொரு மாதம் நடக்கும். பஸ்கா பண்டிகைக்கு ஊருக்கு வர முடியாது, விருந்தில் எனக்குத் தட்டு வைக்க வேண்டாம். நேரமாகிவிட்டது, நான் போனால்தான் தொடங்குவார்கள்.

எஃப்ராயின்