கொக்கியில் சுற்றிய கோணி

மச்சான்,

சீயக்காய் போட்டுத் தேய்த்தும் கையில் கிரீஸ் வாடை போகவில்லை. நேற்று கொட்டகை மூலையில் அந்தக் கோணித் துண்டு காலில் தட்டியது. தூக்கி எறிந்தேன். மனசு கேட்கவில்லை, திரும்பப் போய் எடுத்து வந்தேன்.

ஊரைக் காலி செய்துகொண்டு போன பிரெஞ்சுக்கார முசேயிடம் அந்தக் காரைப் பிடிவாதமாக வாங்கியது நீங்கள்தான். "கல்யாண வூட்டுக்குச் சோறாக்குற தேக்சா ஏத்திட்டுப் போவ மாட்டுவண்டி எதுக்கு மாப்புள? காருக்குப் பின்னாடி ஒரு இழுவண்டியப் பூட்டுவோம்" என்றீர்கள். கார் விளக்கிலிருந்து ஒயர் இழுத்து இழுவண்டிக்கும் சிவப்பு விளக்கு வைத்தோம். மின்சாரம் திரும்பிவரத் தனி ஒயர் போடவில்லை. இரண்டையும் சேர்க்கும் இரும்புக் கொக்கியே போதும் என்று விட்டுவிட்டோம். புறப்படும் முன் நான் பிரேக்கை மிதிப்பேன். நீங்கள் பின்னால் நின்று, "எரியுது மாப்புள, வுடு!" என்று கத்துவீர்கள். தெருவே சிரிக்கும்.

அன்றைக்குக் கோட்டுச்சேரியில் நாம் போய்ச் சேர்ந்த நேரம், நிக்காஹ் ஓதிக்கொண்டிருந்தார்கள். கொக்கி ஆடி அடித்த சத்தத்தில் ஹஜ்ரத் ஓதுவதை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். உங்களுக்கு முகம் செத்துப்போனது. திரும்பும்போது, இனி ஒரு சத்தம் வரக் கூடாதென்று, கொக்கியில் கிரீஸ் தடவிய கோணியை இறுகச் சுற்றி மாட்டினீர்கள். சத்தம் நின்றது. மக்ரிப் தொழுகைக்குப் பிறகு, இருட்டியதும் ஸ்விட்சைப் போட்டால் இழுவண்டியில் விளக்கு இல்லை. பல்பை மாற்றினோம், ஒயரை உருவிப் பார்த்தோம். கோணியை யார் நினைத்தார்கள்!

"பின்னாடி அரிக்கேனப் புடிச்சிக்கிட்டு உக்காந்துக்குறேன். நாந்தான் வெளக்கு, வுடு!" என்று சிரித்தீர்களே, பாவி மனுஷா! பின்னால் வந்த லாரிக்காரன் கண்ணில் அந்தச் சின்ன வெளிச்சம் படவில்லை.

அடக்கம் முடிந்து வந்து கோணியை அவிழ்த்தேன். கொக்கியைத் திரும்ப மாட்டி, ஏனென்று தெரியாமலே ஸ்விட்சைப் போட்டேன். உடையாமல் தப்பிய ஒரு விளக்கு பளிச்சென்று எரிந்தது. யா அல்லாஹ்! இரும்போடு இரும்பு படவிடாமல் அந்தக் கோணிதான் தடுத்திருக்கிறது. மண்ணில் விழுந்து புரண்டேன் மச்சான். ஒரு முழ ஒயர் இல்லாததற்கா உங்கள் உயிர்?

இப்போது மின்சாரம் திரும்பிவரத் தனியாக எர்த் ஒயர் இழுத்து, துருவைச் சுரண்டிவிட்டு போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறேன். கோணியை எவ்வளவு சுற்றினாலும் எரியும். ஆனாலும் பின்னால் நின்று சொல்ல ஆளில்லாமல் வண்டியை எடுக்க எனக்குத் துணிவு வரவில்லை. தேடி வந்த கல்யாணங்களையெல்லாம் திருப்பி அனுப்பினேன். வீட்டில் உலை வைக்க அரிசி தீர்ந்தது. நேற்றுச் சுரக்குடிக் கல்யாணத்துக்குப் போயே ஆக வேண்டிய நிலை.

பிரேக்கை மிதித்துக்கொண்டு பைத்தியக்காரனைப் போல உட்கார்ந்திருந்தேன். நீங்கள் போனதிலிருந்து அந்த வண்டிப் பக்கமே வராத உங்கள் தங்கச்சி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து பின்னால் நின்றாள்.

"எரியுதா?" என்று கேட்டேன்.

"எரியுதுங்க" என்றாள். அப்புறம் அண்ணன் நினைவில் குரல் உடைந்துபோனது. "அன்னைக்கு இப்புடி எரிஞ்சிருந்தா எங்க நானா உசுரோட இருந்திருப்பாஹளே!"

பிரேக்கிலிருந்து காலை எடுக்க முடியவில்லை. கடைசியில் அவளே, உங்களைப் போலவே இழுவண்டியைக் கையால் தட்டி, "வுடுங்க" என்றாள்.

விட்டேன். சுரக்குடி வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். விளக்கைப் பார்ப்பதாக என்னையே ஏமாற்றிக்கொண்டு, தேக்சாக்களுக்கு நடுவே நீங்கள் உட்கார்ந்திருந்த இடத்தையே பார்த்தேன்.