போறேன், வரேன்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மா பேச்சைக் கேட்டு நடக்கிறீர்களா, வழக்கம்போலத்தானா? நான் நலம்.

நம் ஊர் டாக்டர் காலமானதை நீங்கள் போனில் சொன்னபோது உடனே வைத்துவிட்டேன். வார்டில் கூட்டம், அவ்வளவுதான்.

நேற்று ஒரு பெரியவர் குணமாகி வீட்டுக்குக் கிளம்பினார். என் கையைப் பிடித்து இந்த ஊர் பாஷையில் ஏதோ சொன்னார். நான் பழக்கதோஷத்தில், "வரேன்னு சொல்லாதீங்க, போறேன்னு சொல்லுங்க. ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வரவே கூடாது" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். நம் டாக்டர் எல்லா நோயாளிக்கும் சொல்வாரே, அதேதான். பெரியவர் திருதிருவென்று விழித்தார். கூடச் சிரிக்கத்தான் இங்கே ஆளில்லை.

ஊசி போடக்கூட டாக்டரிடம்தானே கற்றுக்கொண்டேன். இங்கே நர்ஸ் வேலைக்குக் கிளம்பும் முன் அவரிடம் சொல்லிக்கொள்ளப் போனபோது, வாய் தவறி "போறேன் டாக்டர்" என்றேன். "அது நோயாளிங்களுக்கும்மா. நீ வரேன்னு சொல்லு" என்றார். சொன்னேன்.

அவர் மனைவியை ஒரு நடை போய்ப் பாருங்கள். போனில் பேச ஒன்றும் இல்லையென்றாலும் உடனே வைத்துவிடாதீர்கள். அம்மா மிக்ஸி போடும் சத்தமாவது கேட்கட்டும். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

வரேன் அப்பா.

உங்கள் சின்னவள்