பேசாமல் இரு என்றீர்களே

அப்பா,

இன்று பின்னேரம் நிலவறையில் பனிச்சப்பாத்துகளைத் தேடும்போது உங்கள் சுடுதண்ணீர்ப் போத்தல் அகப்பட்டது. மூடியைத் திறந்தேன். நீங்கள் போய்ச் சேர்ந்து இத்தனை காலத்துக்குப் பிறகும் இஞ்சித் தேத்தண்ணீர் மணந்தது. அழுகை வரும் என்று பார்த்தேன், கோபம்தான் வந்தது.

உங்கள் பேத்தி அமெரிக்காவில் வானியல் படிக்க ஒரு பல்கலைக்கழகத்துக்கு முந்திக்கொண்டு விண்ணப்பித்திருந்தாள். டிசம்பரில், நத்தாருக்கு முன் பதில் வந்தது. ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. முடிவைத் தள்ளிவைத்திருக்கிறார்களாம். பிறகு மற்றவர்களின் விண்ணப்பங்களோடு சேர்த்து மறுபடி பார்ப்பார்களாம்.

"உன்ரை டீச்சரிட்டை இன்னொரு கடிதம் கேள் பிள்ளை. இன்னும் அங்கை வரத்தான் விருப்பமெண்டு நீயும் எழுது," என்றேன். அவள் மடிக்கணினியை மூடினாள்.

"வேண்டாம் அம்மா, பேசாமல் இருப்பம். கரைச்சல் குடுத்தால் கோவத்திலை இல்லையெண்டு சொல்லிப்போடுவினம். அம்மப்பா எப்பவும் அப்பிடித்தானே சொல்லுறவர்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த நாட்டில் பிறந்த பிள்ளை, வகுப்பில் ஆசிரியரோடு நேருக்கு நேர் வாதாடுகிறவள். அவளுக்குள் எப்போது போய் உட்கார்ந்தீர்கள், அப்பா?

வெளிநாட்டவர் அலுவலகத்தில் நாங்கள் மணிக்கணக்காகக் குந்தியிருந்த அந்த வாங்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு ஜேர்மன் மொழி ஓடும் என்பதற்காகப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் என்னைக் கூட்டிக்கொண்டு போவீர்கள். உடம்பில் இஸ்திரி போட்டு மினுக்கிய சேட்டு, மடியில் இந்தப் போத்தல். உள்ளே இருந்த பெண் உங்கள் தற்காலிக விசாக் கடதாசியை இன்னும் சில மாதங்களுக்கு நீட்டித் தருவாள், அகதி விண்ணப்பத்துக்கு முடிவு இன்னும் வரவில்லை என்பாள். எப்போது வரும் என்று கேட்க நான் வாய் திறப்பேன். மேசைக்குக் கீழே என் தொடையைக் கிள்ளுவீர்கள்.

"பேசாமல் இரு. கேட்டால் எங்கடை பைலை அடியிலை வைச்சிடுவாங்கள்."

அதே வாங்கில் இருந்த மன்னார் அண்ணை ஒவ்வொரு முறையும் புதிதாக ஏதாவது கொண்டு வருவார். பாதிரியாரின் கடிதம், முதலாளியின் கடிதம், பிள்ளையின் பள்ளி அறிக்கை. "வெக்கமில்லாத மனிசன்," என்றீர்கள். அவருக்கு விசா கிடைத்தபோது அதிர்ஷ்டம் என்றீர்கள்.

எனக்கு ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் பயிற்சி இடம் கிடைத்தது. வேலை அனுமதி மட்டும்தான் தேவைப்பட்டது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் பார்ப்போம் என்றார்கள். ஆய்வுகூடத் தலைவி தானே போன் எடுத்து, அலுவலகத்துக்கு எழுதட்டுமா என்று கேட்டாள். "வேண்டாம் எண்டு சொல்லு. கொஞ்சம் பொறு," என்றீர்கள். பொறுத்தேன். இடம் வேறொருத்திக்குப் போனது. அன்று எனக்குத் தோடம்பழம் உரித்துத் தந்தீர்கள். நான் தொடவில்லை. இன்றைக்கும் அதே ஆஸ்பத்திரியின் சமையலறையில்தான் வேலை செய்கிறேன், அப்பா. ஆய்வுகூடப் பெண்களோடு லிஃப்டில் ஏறும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

ஊரில் சோதனைச் சாவடியில் துவக்கை நீட்டிய ஆமிக்காரரிடம் கேள்வி கேட்டவர்கள் வீடு திரும்பவில்லை. வாயைப் பொத்தியதால்தான் நீங்கள் உயிரோடு வந்தீர்கள். எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அலுவலகத்தில் இருந்த அந்தப் பெண்ணின் கையில் துவக்கு இருக்கவில்லை, முத்திரைக் கட்டைதான் இருந்தது. அதை ஒரு நாளாவது பார்த்திருக்கலாம்.

உங்கள் பேத்தியை நான் விடவில்லை. பதிலை முழுதாக வாசிக்க வைத்தேன். புதிய பெறுபேறுகள் இருந்தால் அனுப்பலாம் என்று கடைசியில் எழுதியிருந்தது. முதல் வரியோடு இருவரும் உடைந்து போனதில் அதைப் பார்க்கவே இல்லை. இன்னொரு கடிதம் எழுதப் பௌதிக ஆசிரியை உடனே சம்மதித்தார். இந்த நாட்டிலேயே டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பிக்கச் சொன்னேன். மூஞ்சியை நீட்டினாள், பிறகு ஓம் என்றாள். நேற்று அரையாண்டுப் புள்ளிகள் வந்தன. தன் கைப்பட ஒரு பக்கம் எழுதி முடித்துவிட்டாள்.

சற்று முன் என்னைக் கூப்பிட்டாள். எல்லாம் தயாராக இருந்தது.

"அனுப்பட்டே அம்மா?"

கொஞ்சம் பொறு என்ற சொல் என் வாய் வரைக்கும் வந்துவிட்டது, அப்பா. உங்கள் குரலிலேயே வந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"அனுப்பு," என்றேன்.

அவள் அனுப்பிவிட்டாள். எனக்குத் தொடையில் நீங்கள் கிள்ளிய இடம் வலிக்கிறது.