தவளை இதயத்தில் ஏற்றிய எடை

1974 ஜூலை, செவ்வாய் இரவு. ராஜகீழ்ப்பாக்கம்.

இன்று கல்லூரி லேபில் தவளையின் இதயத்தசையைக் கொக்கியில் மாட்டி எடைகளைத் தொங்கவிட்டேன். இழுபட இழுபட அது பலமாகத் துடிக்கும். செல்லுக்குள் இருக்கும் இழைகள் ஒன்றையொன்று இன்னும் இறுகப் பிடித்து இழுக்கும். அளவு மீறினால் அந்தப் பிடி நழுவிவிடும். வழக்கமாக அதற்கு முன்பே நிறுத்திவிடுவேன்.

"இன்னும் ஒண்ணு போடலாம் சார்" என்றான் ஒரு மாணவன். போட விட்டேன். எனக்கே பார்க்க வேண்டும் போலிருந்தது. துடிப்பு தளர்ந்தது. எடைகளை எல்லாம் எடுத்த பிறகும் பழைய துடிப்பு திரும்பவில்லை.

என் மனைவி எஸ்தருக்கு இதய வால்வு ஒழுகுகிறது. தேங்கும் ரத்தத்தால் இதயம் விரிந்துகொண்டே போகிறது என்று டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டினார். அடுத்த மாதம் ஆபரேஷன்.

சாப்பிடும்போது தினமும் வகுப்பைப் பற்றிக் கேட்பாள். இன்றும் கேட்டாள். சொன்னேன்.

"வெயிட்டை எடுத்துட்டா பழையபடி ஆயிடுமா?"

"ஆயிடும்" என்றேன்.

"அப்போ எனக்குப் பயமில்லீங்க" என்று இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

இப்போது தூங்குகிறாள். படுத்தால் மூச்சு முட்டுவதால், முதுகுக்குத் தலையணைகளை அடுக்கி, உட்கார்ந்தபடியே.