உப்போடு வந்த செடி

இன்று காலை கொல்லையில் கிணற்று மேட்டில் குனிந்தவள் நிமிர மறந்துபோனேன். உன் உமரிச் செடிகளுக்கு நடுவே ஓர் அருகம்புல் முளைத்திருந்தது. நுனி கருகாமல், நல்ல பச்சையாக. பக்கத்தில் ஒரு தும்பையும் தலை நீட்டியிருந்தது. உன்னைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று உன் வீட்டு வேலி வரைக்கும் போய்விட்டேன். போன ஐப்பசியில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது அங்கே போய் நின்ற பிறகுதான் உறைத்தது. அதனால் எழுதுகிறேன். உனக்குப் படிக்கத் தெரியாதே என்று இனிமேல் கவலைப்பட என்ன இருக்கிறது?

எங்கள் நிலம் கெட்டதற்குப் பக்கத்தில் தோல் பதனிடும் ஷாப்பு பாதிக் காரணம் என்றால், என் வீட்டுக்காரரின் மூளை மீதிக் காரணம். வெளியூரிலிருந்து உப்புத் தடவி வரும் தோல்களை உதறிக் கொட்டிய உப்பு, மயிரும் மண்ணுமாக எங்கள் வேலியோரம் குவிந்து கிடந்தது. தென்னங்குழியில் உப்பு வைப்பது ஊர் வழக்கம்தான். அவர் அதோடு நிற்கவில்லை. "தென்னைக்கு வெச்சா நல்லா வருது, கேவுருக்கு வெச்சா மட்டும் இன்னா கெட்டுடும்?" என்று மீதியை வாரிக் கேழ்வரகுக் கொல்லையில் இறைத்துவிட்டார். தென்னை செழித்தது. கேழ்வரகு கருகியது.

எனக்குத் துக்கத்தோடு ஒரு வேடிக்கைக் குணமும் உண்டென்று உனக்குத் தெரியும். எந்தச் செடி எப்போது போகிறது என்று வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் தும்பை போனது. பிறகு குப்பைமேனி. கொழுஞ்சி கொஞ்சநாள் முறைத்துப் பார்த்துவிட்டுப் போனது. கடைசியில் வரப்பு ஆவாரையும் பட்டுப்போனது. தோல் பதனிட ஆவாரம் பட்டையை வண்டி வண்டியாக வாங்குகிறவர்களின் உப்பு, பக்கத்திலேயே நின்ற ஆவாரையையே கொன்றுவிட்டதே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தரை வெள்ளை பூத்துக் கிடந்தது. அடுத்த மழைக்கு அங்கே தடித்த இலையோடு ஏதோ ஒன்று முளைத்தது. ஆடு மோந்து பார்த்துவிட்டு விலகியது. யாருக்கும் பெயர் தெரியவில்லை.

உன் வீட்டுக்காரர் அந்த ஷாப்பில் தோலுக்கு உப்புத் தடவுகிறவர் ஆயிற்றே, உனக்குத் தெரியுமோ என்று கூப்பிட்டேன். நீ பார்த்ததும் சேற்றிலேயே உட்கார்ந்து ஓர் இலையைக் கிள்ளிக் கடித்தாய்.

"யக்கா, இது உமரி! எங்க மரக்காணத்துச் செடி. உப்பளத்தாண்ட கொட்டிக் கெடக்கும்."

"கடலோரச் செடி இங்க எப்டிம்மா வரும்?"

"உப்பு மூட்டைல வெத ஒட்டிக்கினு வந்திருக்கும். என்னாட்டம் கூட்ஸு வண்டி ஏறிக்கினு!"

சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாய். கல்யாணமாகி வந்த பிறகு நீ கடலைப் பார்க்கவே இல்லை. அது தெரிந்தும் எனக்குக் கோபம் வந்தது. "என் கொல்லை செத்துக் கெடக்குது, உனக்குச் சிரிப்பு வருதா?" என்று கேட்டுவிட்டேன்.

நீ கோபித்துக்கொள்ளவில்லை. "இது உப்பத்தான் குடிக்குது யக்கா. குடிக்கக் குடிக்கப் புடுங்கிட்டா மண்ணுல உப்பு கம்மியாவாதா?" என்றாய். ஆகுமா என்று கேட்டதற்கு, "யாருக்குத் தெரியும்? பாக்கலாமே" என்றாய்.

அப்போது ஷாப்புக்காரர் அந்த நிலத்தைக் குப்பை கொட்டக் கேட்டுக்கொண்டிருந்தார். எங்களுக்கு இருந்தது அந்த ஒரு துண்டு நிலம்தான். என் வீட்டுக்காரர் கொடுத்துவிடலாம் என்றார். நீதான் வேலிக்கு அப்பாலிருந்து, "ரெண்டு மழை பொறுத்துக்கச் சொல்லு யக்கா" என்று அவர் காதில் விழும்படி கத்தினாய். வேலியோரம் வரப்பை உயர்த்தி, மழைத் தண்ணீரைத் தேக்கி வடித்து, நாம் இருவரும் உமரியைப் பிடுங்கினோம். பிடுங்கியதைச் சலவைக்காரர் எரித்து, அந்தச் சாம்பலில் துணி வெளுத்தார். இளசை நாம் சமைத்தோம். முதல் நாள் நான் பழக்கத்தில் உப்புப் போட்டுவிட, இவர் முற்றத்துக்கு ஓடித் துப்பினாரே, நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "ஒரு கொதி வந்ததும் அந்தத் தண்ணியக் கொட்டிட்டு வேற தண்ணி ஊத்து. உப்புப் பானையாண்ட போவவே போவாத."

இன்று அருகம்புல்லைக் காட்ட இவரை இழுத்து வந்தேன். குந்தி உட்கார்ந்து வெகுநேரம் தடவிப் பார்த்தார். "நாளைக்கே ஷாப்புக்குப் போய் நெலம் இல்லன்னு சொல்லிட்டு வர்றேன்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம்தான் உமரியைக் கவனித்தேன். போன வருஷம் முழங்கால் உயரம் நின்றது, இப்போது மெலிந்து வெளுத்து நிற்கிறது. உப்புப் போனால் அதுவும் போய்விடும். நிலம் பிழைக்க வேண்டும் என்றுதானே நாம் பாடுபட்டோம்? பிழைத்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது.

ஒரு செடியை மண்ணோடு பெயர்த்து உடைந்த பானையில் வைத்து, ஒரு பிடி உப்பைக் கரைத்து ஊற்றியிருக்கிறேன். இவருக்குத் தெரிந்தால் என் மூளையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

மத்தியானம் உமரிக்குச் செய்கிற பழக்கத்திலேயே தண்டுக்கீரை கடைந்தேன். ஒரு வாய் வைத்தவர், "உப்பு எங்கடி?" என்றார். உப்புப் பானை அடுப்புக்குப் பக்கத்திலேயேதான் இருந்தது. எழுந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் போட்டுக்கொண்டார். நான் போடாமலே சாப்பிட்டேன்.